சப்பென்று ஒரு கண்

"…மெஷினெல்லாம் வேண்டாம்ண்ணே, கத்திதான். அப்பாவுக்குக் கத்தியில வழிச்சாத்தான் வழிச்ச மாதிரி இருக்கும்" என்று டாக்டரம்மா சொல்லிக்கொண்டே உள்ளே வந்தபோது, கிளேபாங் கடலோரச் சாலையில் இருக்கும் என் முடிவெட்டும் கடையில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் என் முகத்தைப் பார்த்தார்கள். அப்புறம் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் இழுப்பறையைப் பார்த்தார்கள்.

அந்த இழுப்பறையில்தான் என் சவரக் கத்தி துணியில் சுற்றிக் கிடந்தது. வலது கண் கெட்டுப்போன பிறகு நான் அதை மூட்டை கட்டிவிட்டேன். கண் திரும்பி வந்த பிறகும் அவிழ்க்கவில்லை. முடி வெட்டுவேன், மெஷின் பிடிப்பேன். சவரம் என்று யாராவது கேட்டால் "பிளேடு தீந்துபோச்சு" என்பேன். பிளேடு தீர்ந்துபோகிற கடை உலகத்திலேயே என்னுடையது ஒன்றுதான். வாடிக்கையாளர்களுக்கெல்லாம் விஷயம் தெரியும். கண்ணைத் திருப்பிக் கொடுத்த டாக்டருக்கு மட்டும் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

அடுத்து அவர் என்ன செய்தார் என்பதைச் சொல்லலாம். ஆனால் அவர் எப்படிப்பட்டவர் என்று தெரியாமல் கேட்டால், இதில் என்ன இருக்கிறது என்று போய்விடுவீர்கள். அதனால் கொஞ்சம் பொறுங்கள். பெயர் மட்டும் சொல்ல மாட்டேன். சொன்னால் திட்டுவார். இப்போது வேறு ஊருக்கு மாறிப் போய்விட்டார் என்றாலும், அங்கிருந்தே திட்டுவார்.

அவர் கண் டாக்டர். கண்ணின் முன்னால் கடிகாரக் கண்ணாடி மாதிரி ஒரு தெளிந்த தோல் இருக்கிறதே, கார்னியா என்கிறார்கள், அதில் வரும் நோய்க்கு மட்டும் டாக்டர். பாதி நாள் ஆஸ்பத்திரியில் நோயாளி பார்ப்பார், மீதி நாள் அதே நோயை வைத்துக்கொண்டு ஆராய்ச்சி செய்வார். "வீட்டுக்குள்ள போய்ப் பாக்கறதுக்கு வேற டாக்டருங்க இருக்காங்கண்ணே. நான் வாசக்கதவோட சரி" என்பார்.

ஒரே வரியில் சொல்வதென்றால், எதையும் பார்க்காமல் இருக்க முடியாதவர். எங்கள் பாசாரில், அதாவது சந்தையில், மீன் விற்கும் முனியாண்டியைக் கேளுங்கள். "இந்தம்மா வந்தா யாவாரமே ஓடாது லா. செவுளைத் தூக்கிப் பாக்கறதில்ல, வயித்தை அமுக்கறதில்ல. மீனோட கண்ணையே பாத்துக்கிட்டு நிக்கறாங்க. மீனுக்கே வெக்கம் வந்து திரும்பிக்கும்" என்று அவன் எல்லோரிடமும் சொல்வான். ஒரு நாள் ஒரு பெரிய சிவப்பு மீனைக் கையில் ஏந்தி, வெயிலுக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நேத்து ராத்திரி வரைக்கும் நல்லாத்தான் இருந்திருக்கான், பாவம்" என்று கீழே வைத்துவிட்டு, அரை கிலோ இறால் வாங்கிக்கொண்டு போனாராம். இறாலின் கண்ணையும் ஒரு தடவை பார்த்தாராம்.

புக்கிட் ரம்பாயில் என் தங்கை மகன் கல்யாணம். டாக்டரை அழைத்திருந்தேன், வந்தார். மேடையேறி அட்சதை போட்டார். போட்ட கையை எடுக்காமல் பெண்ணின் முகத்துக்குக் கிட்டே குனிந்தார். ஏதோ மந்திரம் சொல்லி ஆசீர்வாதம் பண்ணுகிறார் என்று வீடியோக்காரர் ஓடிவந்து கிட்டே பிடித்தார். அந்த வீடியோ இன்றைக்கும் இருக்கிறது. நாதஸ்வரம் ஓய்ந்த நேரத்தில் டாக்டரின் குரல் தெளிவாகக் கேட்கும்: "கலர் லென்ஸ் அழகா இருக்கும்மா. ஆனா ராத்திரி கழட்டிட்டுத் தூங்கணும், சரியா? நூறு வருசம் நல்லா இருங்க."

சரி, என் கதைக்கு வருகிறேன்.

எங்கள் குடும்பக் கோயில் அலோர் காஜா பக்கம் ஒரு எஸ்டேட்டில் இருக்கிறது. சுற்றிலும் எண்ணெய் எடுக்கிற செம்பனை மரங்கள், நடுவில் அம்மன். திருவிழாவுக்கு முந்தின நாள் தோரணம் கட்டுவது எங்கள் வகையறா வேலை. கத்தரிக்கோல் பிடிக்கிற கையாயிற்றே, குருத்தோலை கிழிப்பதில் என்னை யாரும் மிஞ்ச முடியாது. அந்த வருஷம் ஏணியில் நின்று கட்டிக்கொண்டிருந்தபோது காற்றடித்து, ஓலை நுனி ஒன்று சுள்ளென்று வலது கண்ணில் குத்தியது. கொஞ்சம் தண்ணீர் வந்தது, துடைத்துக்கொண்டேன். திருவிழாவில் யார் கண்ணைப் பார்ப்பார்கள்?

மூன்றாம் நாள் கண் செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது. முடிவெட்டும் கடையில் கண் சிவந்தால் என்ன நடக்கும் தெரியுமா? வருகிற ஒவ்வொருவரும் டாக்டர். ஒருவர் ரோஜாத் தண்ணீர் என்றார், ஒருவர் தேன் என்றார். சுங்கை ஊடாங் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வெல்டிங் வேலை பார்க்கும் மணியம் மட்டும் அவர்களையெல்லாம் அதட்டினார். "சும்மா இருங்க லா. வெல்டிங்காரனுக்குத் தெரியாத கண்ணா? எங்கம்மாவுக்குக் கண்ணுல ஆப்பரேசன் பண்ணப்போ குடுத்த சொட்டு மருந்து பாதி கெடக்கு. ஆஸ்பத்திரி மருந்து! கொண்டாறேன்."

கொண்டுவந்தார். விட்டேன். இரண்டே நாளில் சிவப்பு ஓடிப்போனது. மணியத்துக்குக் கடையில் இலவசமாக முடி வெட்டிவிட்டேன். ஒரு வாரம் அவர் நடந்த நடையைப் பார்க்க வேண்டும்! அப்புறம் ஒரு காலையில் கண்ணாடியில் பார்த்தால், கருவிழியில் சோற்றுப் பருக்கை மாதிரி ஒரு வெள்ளை. அன்று மாலைக்குள் அது பொரியாகிவிட்டது.

அப்படித்தான் டாக்டரம்மா முன்னால் போய் உட்கார்ந்தேன். மோவாயை ஒரு தாங்கியில் வைக்கச் சொல்லி, விளக்கைக் கண்ணுக்குள் விட்டு, பெரிய கருவி வழியாகப் பார்த்தார். நான் முருகா முருகா என்றிருக்கிறேன். அவர் மூச்சை இழுத்துக்கொண்டு சொன்ன முதல் வார்த்தை:

"ஐயோ… எவ்வளவு அழகு!"

என் மனைவி பக்கத்தில் நின்றிருந்தாள். அவளுக்கு வந்ததே கோபம். "என்னா டாக்டர் இது? எம் புருசன் கண்ணு போவுதுன்னு நான் வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு வந்திருக்கேன். உங்களுக்கு அழகா இருக்கா?"

டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை, வருத்தம் தெரிவிக்கவும் இல்லை. அந்தக் கருவியின் பக்கவாட்டில், டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் பார்ப்பதற்கென்று இன்னொரு குழல் இருந்தது. "வாங்கக்கா, நீங்களே பாருங்க" என்று என் மனைவியைப் பிடித்து அதன் முன்னால் நிறுத்திவிட்டார். எனக்கு எதிரே இரண்டு பெண்பிள்ளைகள் என் கண்ணுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நான் சிமிட்டவும் முடியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

"என்னக்கா தெரியுது?"

"பஞ்சு பிரிஞ்ச மாதிரி இருக்கு டாக்டர். ஓரமெல்லாம் பிசிறு பிசிறா… பக்கத்துல குட்டி போட்டிருக்கு."

"குட்டியா!" என்று டாக்டர் கை தட்டினார். "அதேதான்க்கா. இதைக் கண்டுபிடிக்க எங்க பிள்ளைங்களுக்கு ஒரு வருசம் ஆவுது. பிசிறு இருந்து, பக்கத்துல குட்டியும் இருந்தா, அது பூசணம். ரொட்டியில பூக்குதுல்ல, அந்த மாதிரி. ஓலையிலேருந்து ஏறியிருக்கான். நீங்க விட்ட சொட்டு மருந்து இருக்கே, அது வீக்கத்தை அடக்கற மருந்து. பூசணத்துக்கு அது உரம் போட்ட மாதிரி. யாரு குடுத்தா?"

நான் மணியத்தைக் காட்டிக்கொடுக்கவில்லை. என் மனைவி காட்டிக்கொடுத்தாள், வீட்டு நம்பரோடு.

பிறகு டாக்டர் குரலை இறக்கி, என் இரண்டு கண்ணையும் மாறி மாறிப் பார்த்துச் சொன்னார்: "அண்ணே, பொய் சொல்ல மாட்டேன். பாடுபடணும். மருந்து மெதுவாத்தான் வேலை செய்யும். காப்பாத்திடலாம்னு நெனைக்கிறேன். ஆனா தழும்பு விழும். அந்தத் தழும்பு எங்க விழுதுங்கறதுலதான் உங்க பார்வை இருக்கு. என்ன வேலை செய்யறீங்க?"

"முடிவெட்டறேன் டாக்டர். சவரம்தான் எனக்குப் பேரு வாங்கிக் குடுத்தது."

அதைக் கேட்டதும் அவர் என் கையைப் பார்த்தார். கையையும் பார்க்கிற ஆள்தானே.

மரத்துப்போகிற சொட்டு விட்டு, மெல்லிய கத்தி முனையால் புண்ணைச் சுரண்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். சுரண்டும்போது, "அசையாதீங்க" என்றார். என் வாழ்நாள் முழுக்க அந்த வார்த்தையை நான் சொல்லி மற்றவர்கள் கேட்டிருக்கிறார்கள். முதல் தடவையாக இன்னொருவர் சொல்லி நான் கேட்டேன். கத்தி கண்ணில் பட்டது, தெரியவே இல்லை. நல்ல கை என்றால் அதுதான். எனக்குத் தெரியாதா?

கிளம்பும்போது, எல்லோரிடமும் சொல்வதை என்னிடமும் சொன்னார்: "எது குத்துச்சோ, அதைக் கொண்டாங்க."

இதுதான் அவருடைய பிரசித்தி பெற்ற வசனம். கண்ணில் என்ன அடித்ததோ, அந்தப் பொருள் அவருக்கு வேண்டும். செம்பனை மட்டை முள், லாலாங் புல், கொய்யாக் கொம்பு, எதுவானாலும். அந்தப் பொருளில் என்ன பூசணம் இருக்கிறது, கண்ணில் வளர்ந்ததும் அதுவும் ஒன்றா, எந்த மருந்துக்கு எது சாகிறது என்று ஆராய்ச்சி. "உங்க வைத்தியத்துக்குக் கண்ணுல எடுத்தது போதும்ண்ணே. ஓலை எனக்கு வேணும். நம்ம ஊருச் செடியில என்ன இருக்குன்னு நம்ம ஊருல யாரும் பாக்கலைன்னா, வேற எவன் வந்து பாப்பான்?" என்றார். ஒரு பாட்டி, கோழி கொத்தியது என்று வந்திருக்கிறார். வழக்கம்போல டாக்டர் அந்த வசனத்தைச் சொல்ல, மறுநாள் பாட்டி கோழியையே கூடையில் வைத்துக் கொண்டுவந்துவிட்டார். காத்திருக்கும் இடமெல்லாம் கொக்கொக்கொக். "பாட்டி, அலகைத் தொடச்சு எடுத்துக்கிட்டேன், போதும். இவளை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று டாக்டர் சொல்ல, "கண்ணு பாக்க மாட்டீங்களா, அதுக்கு?" என்று பாட்டி கேட்டாராம். பார்த்திருக்கிறார்! கோழிக்குக் கண் நன்றாக இருந்ததாம்.

என் விஷயத்தில் என் மைத்துனன் கோயிலுக்குப் போய்த் தோரணத்தைக் கேட்டான். எது குத்தியது என்று நான் சரியாகச் சொல்லாததால், முழுத் தோரணத்தையும் அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டான். காய்ந்த ஓலை, கிளி, மயில், சங்கிலி எல்லாம் தொங்க, ஒரு கண்ணில் பஞ்சு வைத்துக்கொண்டு நான் ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினேன். காவலுக்கு நின்ற மலாய்க்கார அண்ணன் பதறிப்போய், இன்றைக்கு யார் பெரிய மனுஷர் வருகிறார், எங்களுக்குச் சொல்லவே இல்லையே என்று மேலதிகாரிக்கு போன் போட ஆரம்பித்துவிட்டார். கண் டாக்டர் கேட்டார் என்று சொன்னதும் போனை வைத்துவிட்டு, "ஓ, அவரா" என்று வழி விட்டார்.

டாக்டர் கையுறை போட்டுக்கொண்டு, மயிலுக்கு ஒரு துண்டு, கிளிக்கு ஒரு துண்டு என்று வெட்டி வெட்டிக் குப்பிகளில் போட்டார். அப்போது அவர் கத்தரிக்கோல் பிடிப்பதைக் கவனித்தேன். பெருவிரல் ஒரு வளையத்தில், மோதிர விரல் மற்றதில், சுட்டுவிரல் மேலே தாங்கி. அப்படிப் பிடிப்பவரிடம் கழுத்தை நீட்டலாம் என்று எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த முதலாளி சொல்வார். நான் கண்ணை நீட்டியிருந்தேன்.

மணிக்கொரு சொட்டு. பாலைப் போல வெள்ளை மருந்து. கடையை மூட முடியாது, வீட்டிலும் உட்கார முடியாது. மணியம் தானாக வந்தார், முகம் சுண்டைக்காயாக. "அண்ணே, எம்மேல கோவமா?" என்றார். "கோவமில்லய்யா, சொட்டு விடத்தான் ஆள் இல்ல" என்றேன். அவ்வளவுதான், மனுஷர் பிடித்துக்கொண்டார். இரவு ஷிப்டு முடித்து நேராகக் கடைக்கு வருவார். போனில் மணியடித்ததும், கடையில் இருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து, "அண்ணே, சொட்டு!" என்று கத்துவார்கள். பாதி முடி வெட்டிய தலைகள் நாற்காலியில் காத்திருக்கும். நான் அண்ணாந்து உட்காருவேன். வெல்டிங் பிடிக்கும் முரட்டு விரலால் இமையை விரித்து மணியம் ஒரு சொட்டு விடுவார். அதைப் பார்க்கவே சிலர் முடி வெட்ட வந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் என் மனைவிதான் தலைமைப் பரிசோதகர். நாங்கள் நுழைந்ததும் டாக்டர், "வாங்கக்கா, இன்னிக்குக் குட்டிங்க எப்படி இருக்கு பாக்கலாம்" என்று அவளைத்தான் அழைப்பார். இருவரும் எட்டிப் பார்ப்பார்கள். "ஒண்ணு போயிடுச்சு டாக்டர்!" "ஆமாக்கா, செத்தான்!" எனக்கு ஒரே ஒரு விஷயம் மட்டும் புரிந்தது: அவர் வாயில் 'அழகு' வந்தால் அன்றைக்கு நாம் கவலைப்பட வேண்டும். காத்திருக்கும் இடத்தில் பழைய நோயாளிகள் புதியவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்லிக்கொடுப்பார்கள். "அழகா இருக்குன்னாங்களா? அப்ப இன்னும் ஆறல. சப்புன்னு இருக்குன்னு சொல்லணும். அதான் நல்ல வார்த்தை." ஒரு லாரிக்காரர் வெளியே வந்து, "சப்பு! சப்பு!" என்று இரண்டு கையையும் தூக்கி ஆடியதை நானே பார்த்தேன்.

என் பூசணம் செத்தது. ஆனால் தழும்பு சரியாக நட்டநடுவில் விழுந்தது. வலது கண்ணால் பார்த்தால், மழை நாளில் பஸ் கண்ணாடி வழியே பார்க்கிற மாதிரி. ஒற்றைக் கண்ணால் முடி வெட்டலாம்; கை பழகிய வேலை. சவரம் அப்படியில்லை. தோல் எங்கே, கத்தி எங்கே என்கிற அந்த மயிரிழைத் தூரம் இரண்டு கண்ணுக்குத்தான் தெரியும். "என்மேல டெஸ்ட் பண்ணுங்கண்ணே" என்று மணியம் தாடையைக் கொடுத்தார். காதுக்குக் கீழே வெட்டிவிட்டேன். சிவப்பாக ஒரு கோடு. "கொசுண்ணே, கொசு கடிச்சது" என்று அவர் சிரித்தார். நான் கத்தியைக் கழுவித் துடைத்துத் துணியில் சுற்றி இழுப்பறையில் வைத்தேன்.

கண்ணின் அந்த முன்கண்ணாடியையே மாற்றிவிடலாம் என்றார் டாக்டர். இறந்துபோன ஒருவர் கொடுத்த கார்னியா வர வேண்டும். இங்கே கொடுப்பவர்கள் குறைவு என்பதால், கடல் தாண்டி விமானத்தில், ஐஸ் பெட்டியில் வந்தது. யாருடையது என்று சொல்ல மாட்டார்கள். வெள்ளைக்காரருடையதாக இருக்கும் என்று கடையே முடிவு செய்துவிட்டது. "இனிமே அண்ணனுக்கு இங்கிலீசுப் படம் அடியில எழுத்து ஓடாமலே புரியும் லா" என்றான் ஒருவன். நண்டுப் பிரியனான நான் மாறிவிடுவேனோ என்று என் மனைவிக்கு வேறு கவலை. "சைவமா இருந்திருப்பாங்களா டாக்டர்?" என்று மெதுவாகக் கேட்டாள். "அக்கா, லாரிக்குக் கண்ணாடி மாத்தினா டிரைவர் மாறிடுவாரா? உள்ள ஒக்காந்து பாக்கறது உங்க வீட்டுக்காரர்தான். அவர் நண்டு சாப்பிடலாம்" என்றார் டாக்டர்.

அறுவைக்கு முதல் நாள் கோயிலில் அர்ச்சனை செய்யப் போனேன். யார் பேருக்கு என்று குருக்கள் கேட்டார். "பேரு தெரியாதுங்க சாமி, நட்சத்திரமும் தெரியாது. எனக்குக் கண்ணு குடுக்கறவங்க" என்றேன். அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்போ அம்மாள் பேருக்கே பண்ணிடறேன், யாருக்குச் சேரணுமோ அவ குடுத்துடுவா" என்றார்.

தலைமுடியைவிட மெல்லிய நூலில், சூரியக் கதிர் மாதிரி சுற்றிலும் தையல் போட்டிருந்தார் டாக்டர். "முடியைவிட மெல்லிசா? அப்ப அது என் தொழில்ல சேராது" என்றேன். "அதனாலதான் எங்கிட்ட வந்தீங்க" என்றார். அந்தத் தையல்களைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து முடிக்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. கடைசித் தையலும் எடுத்த பிறகு, புது மூக்குக் கண்ணாடியையும் மாட்டிவிட்டு, சுவரில் இருந்த எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார். அதற்காகத் திரும்பி விளக்கைப் போடப் போனார். நான் பலகையைப் பார்க்கவில்லை. வேறொன்று கண்ணில் பட்டுவிட்டது.

"டாக்டர், உங்க முடியை யாரு வெட்டறது? பின்னால எடப் பக்கம் எறங்கியிருக்கே!"

அவர் பிடரியைத் தொட்டுப் பார்த்தார். "நானேதான் வெட்டிக்கறேன், கண்ணாடியப் பாத்து. எவ்வளவு எறங்கியிருக்கு?"

"ஒரு அரிசி அளவு."

டாக்டர் விளக்கை அணைத்துவிட்டார். பலகை படிக்க வேண்டாமாம். கருவி வழியாக ஒரு தடவை பார்த்தார்.

"சப்புன்னு இருக்கு" என்றார். "ஒண்ணுமே இல்ல. வீட்டுக்குப் போங்க." அப்புறம், போகிற போக்கில் கேட்கிற மாதிரி: "கத்தி எடுத்தாச்சா?"

"எடுக்கணும் டாக்டர்."

எடுக்கவில்லை. கண் வந்துவிட்டது, கைக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. மணியத்தின் தாடையில் விழுந்த கோடு கண்ணை மூடினாலும் தெரிந்தது. மாதங்கள் ஓடின.

இப்போது, முதலில் சொன்ன அந்த மதியம். என் கடை வாசலில் டாக்டரம்மா, பக்கத்தில் அவர் அப்பா. அவர் யாழ்ப்பாணத்து வம்சம், ஓய்வுபெற்ற கணக்கர் என்பது எனக்குத் தெரியும். மற்றபடி அவரைப் பற்றிக் கடையில் ஓடிய கதைகள் வேறு. டாக்டர் ஏன் கண் வைத்தியம் படித்தார் என்ற கேள்விக்கு மணியம் ஒரு பதில் வைத்திருந்தார்: அப்பாவுக்கு இளம் வயதிலேயே பார்வை போய்விட்டது, மகள் அவர் கையைப் பிடித்து அழைத்துப்போவாள், அன்று சபதம் எடுத்தாள். இதைச் சொல்லும்போது மணியத்துக்குக் குரல் தழுதழுக்கும். நான் ஒரு தடவை டாக்டரிடமே கேட்டேன். "அதெல்லாம் இல்லண்ணே. இருதய டாக்டராகத்தான் நெனச்சேன். படிக்கறப்ப அந்தக் கருவியில ஒரு கண்ணைப் பாத்தேன். எழுந்திருக்க மனசு வரல. அடுத்த ஆளு வந்து என்னைத் தள்ளிவிட்டாங்க" என்றார். மணியம் நம்பவில்லை. இப்போது அந்தப் பெரியவரைக் கண்டதும் பாய்ந்து எழுந்து, "வாங்கய்யா, பாத்து, படி இருக்கு" என்று கையைப் பிடித்தார்.

பெரியவர் கையை உருவிக்கொண்டு நாற்காலியில் ஏறி அமர்ந்தார். எதிர்ச்சுவரைப் பார்த்தார்.

"தம்பி, உந்தக் கலண்டர் நேற்றைய திகதியில நிக்குது. இண்டைக்குக் கிழிக்கேல்லையோ?"

நான் போய்க் கிழித்தேன். மணியம் தலையைக் குனிந்து, ஒரு பழைய பத்திரிகைக்குள் புகுந்துகொண்டார்.

பெரியவர் முகத்தில் நாலைந்து நாள் தாடி, வெள்ளை வெளேரென்று. நேர்த்தியான மனுஷர், ஒரு நாள்கூடச் சவரம் செய்யாமல் இருக்க மாட்டார் என்று பார்த்தாலே தெரிகிறது. "இவள்தான் வழிக்க விடேல்ல, ரேஸரை எடுத்து ஒளிச்சு வச்சிட்டாள்" என்று முறையிட்டார். எனக்குப் புரிந்துவிட்டது, அது எனக்காகவே வளர்த்த தாடி. என் பிளேடு தீர்ந்த கதையை டாக்டரிடம் யார் சொல்லியிருப்பார்கள் என்பதும் புரிந்தது. காலையில் என் மனைவி கேட்காமலே நண்டுக் குழம்பு வைத்தபோதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

இழுப்பறையைத் திறந்தேன். துணியை அவிழ்த்தேன். புது பிளேடு போட்டேன். ஒரு பெட்டி நிறைய இருந்தது. நுரை குழைத்துப் பெரியவரின் கன்னத்திலும் கழுத்திலும் பூசினேன். கத்தியைக் கையில் எடுத்தேன். வயதான கழுத்து. தோல் மடிப்பு மடிப்பாக, ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் ஒரு துடிப்பு.

"டாக்டர்," என்றேன், "நீங்க இப்படிக் கிட்ட வந்து நின்னு பாத்துக்கிட்டே இருங்க."

மீனைப் பார்ப்பவர், கோழியைப் பார்ப்பவர், கல்யாணப் பெண்ணைப் பார்ப்பவர். கூப்பிடாமலே வந்து குனிவார் என்றுதான் நினைத்தேன். அவர் என் வலது கண்ணை ஒரு தடவை பார்த்தார். ஒரே தடவை.

"எனக்குத் தாகமா இருக்குண்ணே" என்றார்.

"பிள்ளை, எனக்கும் ஒண்டு வாங்கி வா" என்றார் பெரியவர் நுரைக்குள்ளிருந்து.

"வழிச்சு முடியட்டும் அப்பா. அண்ணை அசையாதீங்கோ எண்டு சொன்னா அசையப்படாது" என்று சொல்லிவிட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

"அசையாதீங்கய்யா" என்றேன். கத்தியை அவருடைய காதோரம் வைத்தேன். எங்கள் கடைக் கண்ணாடியில் சாலை முழுக்கத் தெரியும். எதிர்ப்பக்கம் இளநீரில் ஐஸ்கிரீம் போட்டு அடித்துத் தரும் கடையின் பிளாஸ்டிக் நாற்காலிகள் எல்லாம் எங்களைப் பார்த்தே போட்டிருக்கும். டாக்டர் சாலையைக் கடந்தார். ஒரு பெரிய டம்ளர் வாங்கினார். ஒரு நாற்காலியை இழுத்து, முழுக்கத் திருப்பிப் போட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். பிடரி முடி இன்னமும் அந்த அரிசி அளவு இறங்கித்தான் இருந்தது. திரும்பியே பார்க்காமல், ஸ்ட்ராவை வாயில் வைத்து, கடலைப் பார்க்க ஆரம்பித்தார்.